சிவப்பு டிராக்டருக்குப் பின்னால் நாற்பத்தேழு பேர்

அத்தியாயம் 9

நாயைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன்: நாய் சௌக்கியம். சனிக்கிழமை சாயங்காலம் ஃபெலிம் அதைக் கொண்டுபோய்ப் பக்கத்துப் பண்ணை மலாகியிடம் ஒப்படைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினான் அல்லவா? அன்றைக்கே அது மலாகியின் கட்டிலில் முக்கால்வாசியைப் பிடித்துக்கொண்டு குறட்டை விட்டது. தூங்காமல் கிடந்தவர்கள் இரண்டு பேர். ஒன்று மலாகி. இன்னொன்று ஃபெலிமின் மனைவி அட்ராக்டா.

இந்த வாரம்தான் நம்மோடு சேருகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன்.

போன நவம்பரில் இவர்களுடைய மகன் கஹல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான். வயது இருபத்தாறு. பேப்பரில், மரண அறிவிப்பில், 'திடீரென' என்று போட்டோம். எங்கள் லீட்ரிம் மாவட்டத்துப் பக்கம் அப்படிப் போட்டால் எல்லாருக்கும் புரிந்துவிடும். அதற்கப்புறம் யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். கேட்காமல் இருப்பதில் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. என் பெரியப்பா ஒருவர் பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு கால் மரக்கால் என்பதை நாற்பது வருஷம் கவனிக்காத மாதிரியே இருந்து, மரியாதையோடு செத்துப்போனார்.

கஹலின் தங்கை டெர்வ்லாதான் பிடிவாதமாக நின்று அண்ணன் பேரில் ஒரு டிராக்டர் ஊர்வலம் என்று அறிவித்தாள். வண்டிக்கு இருபது யூரோ. தேவாலயப் பங்கு மண்டபத்தில் புறப்பட்டு, பதினெட்டு மைல் சுற்றி வந்து, மறுபடி மண்டபத்தில் டீயும் சாண்ட்விச்சும். சேருகிற பணம் டவுனில் இருக்கும் மஞ்சள் கதவு வீட்டுக்கு. மனசு தாங்காதவர்கள் காசு கொடுக்காமல் போய் உட்கார்ந்து பேசுகிற இடம் அது.

ஃபெலிம் ஆறு மாதம் முடியாது என்றான். "என் புள்ளைய போஸ்டர்ல ஒட்டி வசூல் வாளி ஏந்த விடமாட்டேன்."

அப்புறம் மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலை, அவித்த முட்டையின் மண்டையைத் தட்டிக்கொண்டே, "சரி. அவன் வண்டியை நானே முன்னால ஓட்டறேன்" என்றான்.

அன்றிலிருந்து ஆள் சாந்தமாகிவிட்டான். பன்னிரண்டு வருஷமாகத் தொங்கிக்கொண்டிருந்த கேட்டை நிமிர்த்தினான். கொட்டகையைப் பெருக்கினான். கன்றுகளை விற்றான். நாயைக் கொடுத்தான். ஊரில் எல்லாரும், "ஃபெலிம் தேறிட்டான்" என்றார்கள்.

அட்ராக்டா மட்டும் அதை நம்பவில்லை. கஹலும் கடைசி வாரம் இப்படித்தான் சாந்தமாக இருந்தான்.

*

ஞாயிறு காலை ஃபெலிம் கண்ணாடி முன்னால் நின்று நிதானமாகச் சவரம் செய்தான். கல்யாணங்களுக்கு மட்டும் எடுக்கிற சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டான்.

"டிராக்டர் ஓட்ட எதுக்கு கோட்டு?" என்றாள் அட்ராக்டா.

"ஊரே பார்க்குமே."

"எண்ணெய் ஒட்டும்."

"ஒட்டட்டும். இன்னியோட முடிஞ்சுது."

அவள் டீ கெட்டிலைக் கீழே வைத்தாள். "எது முடிஞ்சுது?"

"இதெல்லாம்தான். ஊர்வலம், போஸ்டர், ஓட்டம்..." என்று கையை வீசினான். அந்த வீச்சுக்குள் ஜன்னல், வயல், மலை எல்லாம் வந்துவிட்டன.

இப்போது கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

"இன்னொரு முட்டை வைக்கட்டுமா?" என்றாள்.

"வேணாம்."

எப்படிக் கேட்பது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. புதன்கிழமை சாயங்காலம் மஞ்சள் கதவு வீட்டுப் பெண்மணி வந்து, ஊர்வல வேலைக்குச் சேர்ந்த எங்கள் முப்பது பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தாள். சுற்றி வளைக்காதீர்கள். அந்த வார்த்தையையே சொல்லி நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத நினைப்பு வந்துவிடாது. இருக்கிற நினைப்பு வெளியே வர ஒரு வழி கிடைக்கும். நாங்கள் முப்பது பேரும் தலையாட்டினோம். "ஏதாவது சந்தேகம் இருக்கா?" என்றாள். டிரெய்லர்களை எங்கே நிறுத்துவது என்று மலாகி கேட்டான்.

*

பதினொரு மணிப் பூசை முடிந்ததும் மண்டப வாசல் நிறைந்துவிட்டது. மொத்தம் நாற்பத்தெட்டு வண்டி. என்னுடையது பதினேழாவது. என் வண்டியின் வேகம் பற்றி ஊரில் கதை கட்டுகிறார்கள்; நம்பாதீர்கள். இருக்கைக்கடியில் ஒரு கருங்குருவி மண்டபத்தருகே முட்டையிட்டது உண்மை, சந்தைக்குப் போய்ச் சேரும்போது குஞ்சுகள் பறந்துபோனது உண்மை. மற்றதெல்லாம் பொறாமை.

டெர்வ்லா ஒரு மேஜை போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவரிடமும் விதிகள் அடித்த தாளில் கையெழுத்து வாங்கினாள். அவள் போட்டிருந்த பச்சை டி-ஷர்ட்டின் முதுகில் பெரிய எழுத்தில் 'நேராகக் கேளுங்கள்' என்று இருந்தது. நூற்றைம்பது சட்டை அடித்து எல்லாருக்கும் கொடுத்திருந்தாள். முதுகில் அடித்ததால் போட்டிருக்கிறவர் கண்ணுக்கு மட்டும் அது படாது.

அட்ராக்டா அவளை மண்டபத்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, இப்பவா? ரொட்டி பத்தலையா?"

"ரொட்டி இருக்கு. உங்கப்பா நாயைக் கொடுத்துட்டார்."

"யார்கிட்ட?"

"மலாகிகிட்ட. எதுக்குன்னு கேட்டா, அவனுக்குத் துணையா இருக்கட்டும்னார். மலாகிக்கு ஏற்கெனவே மூணு நாய்."

டெர்வ்லா கையிலிருந்த பேனாவை மூடினாள். "கன்னுக்குட்டி... வாசல் கேட்டு..." என்று முணுமுணுத்தாள். முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, நீ அவர்கிட்ட கேட்டியா?"

"முட்டை வேணுமான்னு கேட்டேன்."

"அம்மா!"

"நீ கேளேன். நீதானே சட்டையில போட்டிருக்கே."

"நான் எப்படிம்மா? நான் பொண்ணு. நீ கேட்டாதான்..."

"ஆமான்னுட்டார்னா?"

சுவருக்கு அந்தப் பக்கம் நாற்பத்தெட்டு என்ஜின்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றுக்கொண்டிருந்தன.

"மண்டபத்துக்குத் திரும்பி வந்ததும் கேட்டுடலாம்," என்றாள் டெர்வ்லா. "ரெண்டு பேருமா. டீ குடிக்கும்போது. இவ்வளவு பேர் சுத்தி இருக்கும்போது என்ன ஆயிடப் போகுது?"

"நான் அவரோட வண்டியில ஏறிக்கறேன்."

ஏறத்தான் போனாள். கஹலின் சிவப்பு டிராக்டர் பழைய மாடல். ஓட்டுகிறவரை மூடும் கண்ணாடிக் கூண்டு கிடையாது, ஒரே இருக்கை. ஃபெலிம் குனிந்து அவள் கன்னத்தைத் தொட்டான். அப்படித் தொடுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது. "நீ வேன்ல வா, அட்ராக்டா. நனைஞ்சுடுவே" என்றான். பாதிரியார் தீர்த்தம் தெளித்தார். சிவப்பு டிராக்டர் கிளம்பிவிட்டது. அடுத்தது மலாகியின் பெரிய நீல வண்டி. கூண்டுக்குள் அவன் பக்கத்தில் ஃபெலிமின் நாய், தானும் கையெழுத்துப் போட்ட மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

எல்லா வண்டிக்கும் கடைசியில், முதலுதவிப் பெட்டியோடு, டெர்வ்லாவின் வேன். அட்ராக்டா அதில் உட்கார்ந்து, தொடை மேல் வைத்த வசூல் வாளியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

*

முதல் ஒன்பது மைல் நன்றாகத்தான் போயிற்று. வீட்டு வாசல்களில் ஆட்கள் நின்றார்கள். ஓட்டுகிறவர்கள் ஸ்டியரிங்கிலிருந்து ஒற்றை விரலைத் தூக்கினார்கள். அதுவே எங்கள் ஊரில் கட்டித் தழுவுவதற்குச் சமம். கஹலின் பள்ளிக்கூடத்து வாசலில் பிள்ளைகள் பச்சைக் கொடி ஆட்டினார்கள். வாளியில் ஒரு கிழவி கல்யாண மோதிரத்தைப் போட்டுவிட்டு, ஒரு நிமிஷம் யோசித்து, திரும்ப எடுத்துக்கொண்டு ஐம்பது யூரோ போட்டாள்.

எங்கள் பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டிக் குன்றுகள். ஒரு குன்றின் மேல் ஏறினால் அடுத்த குன்றில் வரிசையின் தலை தெரியும். வேன் ஒன்பதாவது மைல் குன்றின் உச்சிக்கு வந்தபோது, எதிர்க் குன்றின் அடிவாரத்தில் சிவப்பு டிராக்டர் நாற்சந்தியை அடைந்திருந்தது. வலது பக்கம் திரும்பினால் மண்டபத்துக்குப் போகிற சாலை.

சிவப்பு டிராக்டர் இடது பக்கம் திரும்பியது.

இடது பக்கம் சதுப்புநிலம். அப்பாவும் மகனும் கோடைதோறும் அடுப்பெரிக்கக் கரிமண் வெட்டி வந்த இடம். ஒரே ஒரு வண்டி போகிற சந்து, இரண்டு பக்கமும் தண்ணீர் நிறைந்த பள்ளம், கடைசியில் ஏரி. அதற்கப்புறம் பாதை கிடையாது.

"டெர்வ்லா," என்றாள் அட்ராக்டா.

டெர்வ்லாவும் பார்த்துவிட்டாள். அப்பாவின் நம்பரை அழுத்தினாள். மணி வேனுக்குள்ளேயே அடித்தது. ஃபெலிமின் போன் அவள் இருக்கைக்குப் பின்னால், மடித்து வைத்த அவனுடைய மழைக்கோட்டின் பையில் இருந்தது.

அவர்களுக்கும் அவனுக்கும் நடுவில் நாற்பத்தேழு டிராக்டர். முந்திப் போக ஒரு சைக்கிளுக்குக்கூட இடமில்லை.

அடுத்து மலாகியை அழைத்தாள்.

"மலாகி! எங்கே போறீங்க?"

"உங்கப்பா பின்னாடி."

"அது வழி இல்ல! வலது பக்கம் திரும்பணும்!"

"தெரியும் பொண்ணே. அறுபத்தெட்டு வருஷமா இங்கதான் குடியிருக்கேன்."

"தெரிஞ்சுமா திரும்பினீங்க?"

"நீதானே எழுதிக் கொடுத்தே. மூணாவது விதி. முன்னால போறவரை முந்தாதே, விட்டுட்டும் போகாதே. கீழ கையெழுத்து வேற வாங்கிக்கிட்டே."

"அது பாதுகாப்புக்காக எழுதினது!"

"நானும் அதுக்குத்தான்," என்றான் மலாகி. "எனக்கு மட்டும் எதுக்குடா நாலாவது நாய்னு ராத்திரி பூரா முழிச்சுக் கிடந்தேன். வண்டியை அவன் பின்சக்கரத்தோட ஒட்டி ஓட்டறேன். நீ சீக்கிரம் வா."

மலாகி திரும்பினான், அதனால் மூன்றாவது ஆள் திரும்பினான். அதனால் நான்காவது ஆள். அந்தச் சந்து முட்டுச்சந்து என்று எல்லாருக்கும் தெரியும். தாயின் வயிற்றிலேயே தெரிந்துகொண்டு பிறந்தவர்கள். ஆனால் முன்னால் போகிறவருக்கு ஏதோ காரணம் இருக்கும், அதைக் கேட்பது மரியாதையில்லை என்று ஒவ்வொருவராக இடது பக்கம் திரும்பினோம். நானும்தான். யாராவது ஒருத்தர் ஹாரன் அடித்திருக்கலாம். நாற்பத்தேழு பேரில் ஒருத்தரும் அடிக்கவில்லை.

*

வேன் சந்தின் வாயருகே ஓரமாக நின்றுவிட்டது. அட்ராக்டா வாளியை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கி ஓடினாள்.

வயது ஐம்பத்தொன்பது. பூசைக்குப் போட்டிருந்த செருப்பு. ஒரு பக்கம் ஆளுயரச் சக்கரங்கள், மறுபக்கம் பள்ளம். நடுவில் இரண்டடிப் புல். முதல் சேற்றிலேயே ஒரு செருப்பு போயிற்று. அவள் குனிந்து எடுக்கவில்லை.

"என்ன அட்ராக்டா, வழி மாறிடுச்சா?"

"மேல ஏறிக்கோயேன், அட்ராக்டா!"

"ஏதாவது பிரச்சனையா?"

அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். நான் என் வண்டியில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன். கஹலைத் தேடிப்போன நாளிலும் அவள் முகம் இப்படித்தான் இருந்தது. நான் என்ஜினை நிறுத்தினேன். எனக்குப் பின்னால் இருந்தவன் நிறுத்தினான். முன்னால் இருந்தவனும் நிறுத்தினான். கால் மைல் நீளத்துக்குச் சத்தம் மெல்ல மெல்லச் செத்தது. கடைசியில் அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது.

சந்தின் முடிவில் ஃபெலிம் சிவப்பு டிராக்டரில் உட்கார்ந்திருந்தான். முன்சக்கரத்துக்கு முன்னால் முப்பது அடி புல், அப்புறம் ஏரி. பின்னால் மலாகியின் நீல வண்டி, ஒரு கை வைக்கக்கூட இடம் விடாமல் நின்றது. மலாகி கூண்டுக்குள் நாயோடு உட்கார்ந்து, மும்முரமாக எதிர்ப்பக்கத்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத்தனை பேரை யாரு கூப்பிட்டா?" என்றான் ஃபெலிம். உண்மையாகவே திகைத்துப் போயிருந்தான். "நான் தனியா வரலாம்னுதான் திரும்பினேன். பின்னாடி பார்த்தா ஊரே வருது."

அட்ராக்டா மட்கார்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "காத்து சில்லுன்னு இருக்கு," என்றாள்.

"இருக்கு."

"மண்டபத்துல டீ ஆறிடும்."

"ஆறிடும்."

சதுப்புநிலத்தில் சத்தம் வெகுதூரம் போகும். ஒருமுறை இந்தக் கரையில் ஒருவன் மனசுக்குள் திட்டியது அக்கரையில் கேட்டு அடிதடியாகிவிட்டது. ஆகவே அடுத்து நடந்தது முதல் பத்து வண்டிக்காரர்களுக்கும் கேட்டிருக்கவேண்டும். அவர்களைக் கேட்டால், அந்தச் சமயம் காதுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டதாகச் சத்தியம் செய்கிறார்கள்.

"ஃபெலிம்," என்றாள். "நீ தற்கொலை பண்ணிக்கணும்னு நினைக்கறியா?"

அந்த வார்த்தையை அந்த வீட்டார் யாரும் பதினோரு மாதத்தில் சொன்னதில்லை. போஸ்டரில்கூட அது வரக்கூடாது என்று சண்டை போட்டவன் ஃபெலிம். அவன் ஸ்டியரிங்கைப் பார்த்தான். கஹலின் கை பட்டுப் பட்டு அதில் ஒரு இடம் வழவழப்பாகியிருந்தது. கட்டைவிரலால் அந்த இடத்தைத் தடவினான்.

"ஆமா," என்றான்.

அட்ராக்டா விழவில்லை. விழுந்துவிடுவோம் என்றுதான் இத்தனை நாள் கேட்காமல் இருந்தாள்.

"இன்னிக்கா?"

"தெரியல. ஊர்வலம் முடியட்டும், அவன் பேருக்கு ஒண்ணு பண்ணிட்டோம்னு இருக்கும், அப்புறம்னு... இங்க வந்து கொஞ்ச நேரம் உக்காரலாம்னு தோணிச்சு. அதுக்கு மேல தெரியல. அட்ராக்டா, எனக்கு ரொம்பக் களைப்பா இருக்கு."

அவள் சேற்றுக்காலோடு மட்கார்டில் ஏறி உட்கார்ந்து, அவன் கோட்டுக் கையை முழங்கைக்கு மேல் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பின்னால் மலாகி கூண்டுக் கதவைத் திறந்து, யாரையும் பார்க்காமல் அறிவித்தான்: "கடைசி வண்டிலேருந்து ஒவ்வொண்ணா ரிவர்ஸ்ல போகணும். ரெண்டு பக்கமும் பள்ளம். கடைசி டிராக்டர்ல இருக்கிறவன் அந்த ஓட்டைப்பல்லுச் சின்னப் பையன். அவனுக்கு முன்னால போகவே திசை தெரியாது. எப்படியும் மூணு மணி நேரம் ஆகும். நீங்க பேசிக்கிட்டிருங்க."

தூரத்தில் ஒரு என்ஜின் இருமியது. யாரோ "இடது! உன் இடதுடா!" என்று கத்தினார்கள்.

"நாளைக்குக் காலையில டாக்டர்," என்றாள் அட்ராக்டா. "அப்புறம் மஞ்சள் கதவு."

"அங்கேயா?" ஃபெலிம் முகத்தைச் சுளித்தான். "வாளி ஏந்தி வசூல் பண்ணின இடத்துக்கே போய், நானே பெஞ்சுல உக்காரவா? ஊர் சிரிக்கும்."

"ஊர்தான் பின்னாடி நிக்குது. எவனாவது சிரிக்கறானா பார்."

திரும்பிப் பார்த்தான். ஒருவரும் சிரிக்கவில்லை. முக்கால்வாசிப் பேர் தங்கள் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெகு தூரத்தில், புல்லோரமாக டெர்வ்லா ஓடி வருவது தெரிந்தது.

"சரி," என்றான். "போகலாம்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு வண்டி சந்தைவிட்டு வெளியேறியது. அப்புறம் இன்னொன்று.

ஃபெலிம் அவளைப் பார்த்தான். ரொம்ப நாளைக்கப்புறம் சரியாகப் பார்த்தான் என்று நினைக்கிறேன். தோள் எலும்பு அவள் ஸ்வெட்டரைக் குத்திக்கொண்டு நின்றது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"நீ?" என்றான்.

"நான் என்ன?"

"என்கிட்ட கேட்டியே. அதையேதான் கேக்கறேன். அந்த வார்த்தையவே வச்சுக் கேக்கறேன். உனக்கு, அட்ராக்டா?"

டீ வேண்டுமா, தூக்க மாத்திரை வேண்டுமா, ஃபெலிம் எப்படி இருக்கிறான், பொண்ணு எப்படி இருக்கிறாள் என்று பதினோரு மாதமாக எல்லாரும் அவளைக் கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டுக்கொண்டதில்லை.

வாயைத் திறந்தாள். இல்லை என்று சொல்லத்தான் திறந்தாள். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு தடவை முயன்றாள்; இல்லை என்பது பொய் என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அவன் கோட்டைப் பிடித்திருந்த அவள் விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

மூன்று வாரமாக ஃபெலிமின் முகத்தில் இருந்த சாந்தம் அந்த நிமிஷமே காணாமல் போயிற்று. பயந்துபோன மனுஷனின் முகம் அது. தளர்ந்த அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தினான்:

"டெர்வ்லா! இங்க வாம்மா! அம்மாவைப் பிடி! ஓடி வா!"